துல்லியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவுக் கருவிகளோடும் எண்களோடும் நாள் முழுக்கப் புழங்குகிறவன் என்பதால், துல்லியம் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர், பட்டறையில் கடைசல் பிடிப்பவர், செய்தி எழுதுபவர், மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதறுபவர் என்று கேட்பவர்கள் மாறுவார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

துல்லியம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு அளவோ, கணக்கோ, கூற்றோ உள்ள நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் துல்லியம். சரியாக 2 மீட்டர் நீளமுள்ள கம்பியை ஒருவர் அளந்து 1.999 என்கிறார், இன்னொருவர் 1.95 என்கிறார். முதலாமவர் சொன்னது கூடுதல் துல்லியம். அவ்வளவுதான்.

ஆனால் இது ஒரு பொருளின் நிறம், எடை போலத் தனியாக நிற்கும் குணம் கிடையாது. எப்போதும் இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதனால் யாராவது "இது ரொம்பத் துல்லியம்" என்றால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டு? எவ்வளவுக்குள்? விளம்பரங்களில் வரும் "துல்லியம்" பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விக்கே தாங்காது.

"சரியா இருக்கு"ன்னு சொல்றதும் "துல்லியமா இருக்கு"ன்னு சொல்றதும் ஒண்ணா?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறது, அதில் குற்றமும் இல்லை. கறாராகப் பார்த்தால் சரி, தவறு என்பது ஆம், இல்லை போல இரண்டே நிலை. துல்லியத்துக்குப் படிகள் உண்டு. பூமி உருண்டை என்பது சரியான பேச்சு. துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்றால் கூடுதல் துல்லியம். நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம் என்றால் இன்னும் ஒரு படி மேலே. மூன்றில் எதுவும் தவறில்லை.

துல்லியம், நுட்பம் ரெண்டும் ஒண்ணுதானே? பாடப்புத்தகத்துல ஏன் பிரிச்சுப் போட்டிருக்காங்க?

ஒன்றில்லை. துல்லியம் என்பது உண்மையான மதிப்புக்கு அருகில் இருப்பது. நுட்பம் என்பது திரும்பத் திரும்ப அளக்கும்போது விடைகள் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது. ஆங்கிலத்தில் ஆக்யூரசி, பிரிசிஷன் என்று இரண்டு சொற்கள். பொதுப் பேச்சில் அங்கேயும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், நாம் மட்டுமில்லை.

எண்களில் பார்த்தால் சட்டென்று விளங்கும். சரியாக 50 கிராம் உள்ள ஒரு படித்தர எடையை இரண்டு தராசுகளில் நான்கு முறை வைக்கிறோம். முதல் தராசு 50.41, 50.42, 50.41, 50.42 என்று காட்டுகிறது. இரண்டாவது 49.8, 50.3, 49.9, 50.1 என்று காட்டுகிறது. முதலாவது நுட்பமானது, ஆனால் நான்கு முறையும் 0.4 கிராம் கூட்டிச் சொல்கிறது. இரண்டாவது தடுமாறுகிறது, ஆனால் அதன் சராசரி 50.025. இரண்டாவது தராசில் ஒரே ஒரு முறை எடை போட்டால் அந்த விடை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 5725 என்ற 1994 தர ஆவணம், சராசரி உண்மைக்கு அருகில் இருப்பது, விடைகள் சிதறாமல் இருப்பது ஆகிய இரண்டையும் சேர்த்தே துல்லியம் என்கிறது. பள்ளிப் பாடத்தின் பிரிப்பும் இதுவும் கொஞ்சம் வேறுபடும். தேர்வுக்குப் பாடத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

இதை விளக்க எல்லோரும் அம்பு பாய்ந்த வட்டப் பலகைப் படத்தைப் போடுவார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. பலகையில் நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. நிஜ அளவீட்டில் நடுப்புள்ளி எங்கே என்றே தெரியாது. சிரமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை தடவை அளந்தாலும் அதே விடை வருது. அப்போ அது சரியான அளவுதானே?

மேலே சொன்ன முதல் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே விடை வருவது நுட்பத்துக்குச் சாட்சி. துல்லியத்துக்கு அது சாட்சி ஆகாது.

இதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அதன் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டம் கொண்டது. சுமார் 10 நானோமீட்டர் அளவுக்கு நுட்பமாக இழைத்து மெருகேற்றினார்கள். 1990 ஏப்ரலில் விண்ணில் ஏற்றிய பிறகு பார்த்தால் படங்கள் மங்கல். ஆடியின் விளிம்பு தேவையைவிட 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, ஆடியின் வடிவத்தைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. தப்பான வடிவத்தை இம்மி பிசகாமல் செதுக்கியிருக்கிறார்கள்! 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் பாகங்களைப் பொருத்திய பிறகுதான் பார்வை தெளிந்தது.

இதில் எனக்கு உறைப்பது வேறொன்று. தரையில் இருந்தபோதே, அவ்வளவு நுட்பமில்லாத வேறு இரண்டு சோதனைக் கருவிகள் கோளாறைக் காட்டியிருந்தன. நுட்பமான கருவி சொல்வதே சரியாக இருக்கும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

கருவியில தசமப் புள்ளிக்குப் பிறகு நிறைய எண் தெரிஞ்சா துல்லியம் அதிகம்னு அர்த்தமா?

கிடையாது. ஒரு கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு மீச்சிற்றளவு என்று பெயர். டிஜிட்டல் கருவிக்காரர்கள் ரெசல்யூஷன் என்பார்கள். அது எண் பலகையின் சமாச்சாரம். உள்ளே இருக்கும் உணரி எவ்வளவு நம்பத்தக்கது என்பது தனிக் கதை.

கைக்கடிகாரத்தின் ஸ்டாப்வாட்ச் 0.01 நொடி வரை காட்டும். அதை அழுத்தும் விரலுக்கு, கண்ணால் பார்த்து மூளை சொல்லிச் செயல்பட ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். கடைசி இலக்கம் சும்மா அலங்காரம். கைப்பேசியில் இருப்பிடம் பார்த்தாலும் இதே கதைதான். அட்சரேகை ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் என்றால் 11 சென்டிமீட்டர், எட்டு இலக்கம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். திறந்த வெளியிலேயே சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே சொல்லும். திரையில் மட்டும் மில்லிமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

2.5-ம் 2.50-ம் ஒரே எண்தானே? அந்த சுழியத்தை எழுதலைன்னா ஏன் மார்க் குறைக்கிறாங்க?

கணக்கில் ஒன்று, அளவில் வேறு. 2.5 செ.மீ. என்றால் 2.45-க்கும் 2.55-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். 2.50 என்றால் 2.495-க்கும் 2.505-க்கும் நடுவில். அந்தச் சுழியம் "நான் இதுவரை அளந்து பார்த்தேன்" என்ற வாக்குமூலம். முக்கிய எண்ணுருக்கள் என்று பாடத்தில் வருவது இதைத்தான்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. அளக்காத இலக்கத்தை எழுதிவிடுவது. உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எல்லோருக்கும் மனப்பாடம். 1868-இல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மானிய மருத்துவர் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய சராசரி 37 டிகிரி செல்சியஸ். முழு எண்ணாகச் சொன்ன அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்த ".6" யாரும் அளந்து கண்டது இல்லை, பெருக்கிக் கூட்டியதில் முளைத்தது. ஆனால் 98.4 என்று காட்டினால் இன்றைக்கும் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1856-இல் எவரெஸ்ட்டின் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கில் வந்தது சரியாக 29,000 அடி, அப்படியே சொன்னால் குத்துமதிப்பாகச் சொன்னதாக நினைப்பார்கள் என்று 2 அடி கூட்டினார்கள் என ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 2020-இல் அறிவித்த 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் அன்றைய விடையில் குறைவு சுமார் 9 மீட்டர், ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காலக் கருவிகளுக்கு அது அசாத்தியமான துல்லியம். 2 அடி கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் அது மாறப்போவதில்லை.

பிழைன்னா தப்பு பண்ணிட்டோம்னு அர்த்தமா?

அளவீட்டில் பிழை என்பது குற்றச்சாட்டு இல்லை. அளந்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவே. எவ்வளவு கவனமாக அளந்தாலும் கொஞ்சம் இருக்கும். 37 என்று பார்த்து 73 என்று எழுதுவதுதான் நம் பேச்சுவழக்கில் உள்ள "தப்பு". அதைக் கண்டுபிடித்து அடித்துவிடலாம்.

மற்ற பிழைகளில் இரண்டு வகை முக்கியம். எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது முறையான பிழை. முன்னும் பின்னும் தாறுமாறாக வருவது சமவாய்ப்புப் பிழை. முதல் வகைக்கு நல்ல உதாரணம் வெர்னியர் அளவியின் சுழிப்பிழை. பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் கருவி இது; முதன்மைக் கோலின் மேல் நகரும் சிறு கோல்தான் வெர்னியர். தாடைகளை ஒட்ட மூடுங்கள். வெர்னியரின் சுழியம் முதன்மைக் கோலின் சுழியத்துக்கு வலப்பக்கம் தள்ளி நின்று, நான்காவது கோடு நேராகப் பொருந்தினால், மீச்சிற்றளவு 0.01 செ.மீ. உள்ள கருவியில் சுழிப்பிழை +0.04 செ.மீ. பொருளை வைத்து 2.37 வந்தால் கழித்து 2.33 என்று எழுத வேண்டும். சுழியம் இடப்பக்கம் தள்ளி நின்றால் பலர் தடுமாறுவார்கள். அப்போது ஆறாவது கோடு பொருந்தினால் பிழை −0.06 ஆகாது. இந்தக் கருவியின் வெர்னியரில் பத்துப் பிரிவுகள் என்பதால், பத்திலிருந்து ஆறைக் கழித்து −0.04. அதைக் கழிப்பது என்றால் 0.04 கூட்டுவது. மூடிப் பார்க்க ஐந்து நொடிகூட ஆகாது, ஆனாலும் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை.

நிறைய தடவை அளந்து சராசரி எடுத்தா எல்லாப் பிழையும் போயிடுமா?

சமவாய்ப்புப் பிழை குறையும், அதுவும் மெதுவாக. நான்கு மடங்கு அளந்தால் சராசரியின் தடுமாற்றம் பாதியாகும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு அளக்க வேண்டும். முறையான பிழை அசையவே அசையாது. சுழிப்பிழை +0.04 உள்ள அளவியால் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் அந்த 0.04 அப்படியே இருக்கும்.

கருத்துக் கணிப்புகளிலும் இதே விதிதான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் முகவரி எடுத்ததால் வசதியானவர்கள் பக்கம் சாய்வு. போதாக்குறைக்கு, பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் வேறு ஒரு மாதிரி. அதே தேர்தலில் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் என்ற கருத்துக் கணிப்பாளர் சரியாகக் கணித்தார். "எத்தனை பேரிடம் கேட்டோம் தெரியுமா?" என்று மார்தட்டும் கணிப்பைப் பார்த்தால், யாரிடம் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

உண்மையான மதிப்பே தெரியாதுன்னு சொல்றீங்க. அப்புறம் பிழை எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. நேர்மையான பதில்: பிழை எவ்வளவு என்று கச்சிதமாக ஒருபோதும் தெரியாது. அதனால்தான் அளவியல்காரர்கள் இப்போது நிச்சயமின்மை என்ற சொல்லை வைத்துப் பேசுகிறார்கள். "50.02 கிராம், ±0.03" என்றால், இந்தக் கருவி, இந்த முறை, இந்தச் சூழல் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கையில் உண்மை மதிப்பு அநேகமாக இந்த எல்லைக்குள் இருக்கும் என்று பொருள். பிழை என்பது ஒற்றை எண். நிச்சயமின்மை என்பது ஒரு வீச்சு.

அந்த வீச்சை எப்படிப் பெறுகிறோம்? நம் தராசை அதைவிட நல்ல படித்தர எடையோடு ஒப்பிடுகிறோம். அந்த எடையை அதைவிட நல்லதோடு. இப்படிச் சங்கிலியாகப் போகும் ஒப்பீட்டுக்குத்தான் அளவுத் திருத்தம், காலிப்ரேஷன் என்று பெயர். சங்கிலியின் உச்சியில் என்ன இருக்கிறது? கிலோகிராமுக்கு 2019 மே 20 வரை, பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை இருந்தது. 1889 முதல் அதுவே கிலோகிராம். நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் அதிகாரப்பூர்வ நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. யார் எடை மாறியது? வரையறைப்படி மூல உருளை மாறவே முடியாது, ஏனென்றால் அதுதானே கிலோகிராம்! இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவுக்கு ஓர் எண்ணை நிர்ணயித்து அதிலிருந்து கிலோகிராமை வரையறுக்கிறார்கள்.

நூத்துக்கு நூறு துல்லியம் சாத்தியமே இல்லையா?

அளவீட்டில் சாத்தியமில்லை. எண்ணிக்கையிலும் வரையறையிலும் சாத்தியம். அறையில் ஏழு நாற்காலி என்றால் ஏழேதான், 7 ± 0.2 என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு அங்குலம் 2.54 செ.மீ. என்பது வரையறை, பின்னால் எத்தனை சுழியம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்பதும் 1983 முதல் அப்படித்தான். மீட்டரையே அதை வைத்து வரையறுத்துவிட்டதால் அதில் பிழைக்கு இடமில்லை.

மீட்டர்ல ±2% போட்டிருக்கு. அப்போ எந்த அளவுக்கும் 2 சதவீதம்தானே பிழை?

எதன் 2 சதவீதம் என்று பாருங்கள். முள் ஓடும் மீட்டர்களில் பெரும்பாலும் முழு வீச்சின் சதவீதம். 300 வோல்ட் வரை காட்டும் மீட்டரில் ±2% என்றால் எந்த இடத்திலும் ±6 வோல்ட். முள் 30-இல் நிற்கும்போது அந்த 6 வோல்ட் என்பது 20 சதவீதம். அதனால்தான் முள் வீச்சின் மேல்பகுதியில் நிற்கும்படி ரேஞ்சைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

டிஜிட்டல் மல்டிமீட்டரில் "0.5% + 2 டிஜிட்" என்பது போல இருக்கும். 200.0 என்று காட்டினால் 0.5 சதவீதத்துக்கு 1.0 வோல்ட், கடைசி இலக்கத்தில் இரண்டு என்பது 0.2 வோல்ட், ஆக ±1.2 வோல்ட்.

22/7 சரியா, 3.14 சரியா?

இரண்டும் தோராயம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பு 3.14159… என்று போகும். 3.14 சுமார் 0.0016 குறைவு, 22/7 சுமார் 0.0013 அதிகம். மயிரிழையில் 22/7 ஜெயிக்கிறது. ஆனால் 22/7-ஐக் கணிப்பானில் போட்டு 3.142857142 என்று எழுதினால் மூன்றாவது தசம இடத்திலிருந்தே தப்பு. இலக்கம் பத்து, உருப்படியானது மூன்று. 355/113 போட்டால் ஆறு தசம இடம் வரை பொருந்தும்.

தோராயம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆரியபட்டர் 3.1416-க்குச் சமமான மதிப்பைத் தந்தபோது, அது "நெருங்கியது" என்பதையும் சேர்த்தே சொல்லிவைத்தார். கோள்களுக்கு இடையே விண்கலம் செலுத்தும் கணக்குகளுக்கு நாசா விஞ்ஞானிகள் பையை 15 தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்த தோராயம் கௌரவமானது. "சுமார் 1,287 பேர் கலந்துகொண்டனர்" என்று எழுதுவதுதான் எனக்கு ஒட்டாத விஷயம். எண்ணினீர்களா, குத்துமதிப்பா? எண்ணியிருந்தால் "சுமார்" எதற்கு? எண்ணாவிட்டால் அந்த 87 எங்கிருந்து வந்தது?

டெஸ்ட் 99 சதவீதம் துல்லியம்னு சொல்றாங்க. எனக்கு பாசிட்டிவ். அப்போ நோய் இருக்க 99 சதவீதம் வாய்ப்பா?

பதறுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். சோதனை நோயுள்ள நூறு பேரில் 99 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 99 பேருக்கு நோய் இல்லை என்று சரியாகச் சொல்லும். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் நோயாளிகள் 100, அவர்களில் 99 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாத 99,900 பேரில் ஒரு சதவீதம், அதாவது 999 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 1,098 பாசிட்டிவ், அதில் நிஜம் 99. உங்களுக்கு நோய் இருக்க வாய்ப்பு சுமார் 9 சதவீதம்.

அறிகுறி எதுவும் இல்லாமல் பொதுப் பரிசோதனையில் வந்த பாசிட்டிவுக்குத்தான் இந்தக் கணக்கு. அறிகுறி இருந்தால் ஆரம்ப வாய்ப்பே ஆயிரத்தில் ஒன்றைவிட அதிகம், விடையும் மாறும். இரண்டாவது, தனிப்பட்ட சோதனையிலும் பாசிட்டிவ் வந்தால் வாய்ப்பு 91 சதவீதம் வரை ஏறும். "தனிப்பட்ட", அதாவது முதல் சோதனையைச் சாராத, என்பது முக்கியம். முதல் சோதனை ஏமாந்த அதே காரணத்தால் இரண்டாவதும் ஏமாறுமானால், அது மேலே சொன்ன முறையான பிழை, திரும்பச் செய்து பயனில்லை. எது பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்க மென்பொருள் 96 சதவீதம் துல்லியமா கணிக்குது. நல்ல மார்க்தானே?

1884-இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல் வருமா வராதா என்று முன்னறிவிப்புகள் செய்தார். மொத்தம் 2,803. அதில் 2,708 சரி, அதாவது 96.6 சதவீதம். உங்கள் மென்பொருள் மாதிரியேதான்.

கில்பர்ட் என்ற புவியியலாளர் அதைப் பிரித்துப் பார்த்தார். 2,803-இல் சுழல் வந்தது வெறும் 51 முறை. எப்போதும் "வராது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே 2,752 சரியாகியிருக்கும், 98.2 சதவீதம்! ஃபின்லி "வரும்" என்றது 100 முறை, வந்தது 28. வந்த 51-இல் 23-ஐத் தவறவிட்டார். ஆனாலும் ஃபின்லி எதையோ கண்டுகொண்டிருந்தார், ஏனென்றால் அபூர்வமாக வரும் ஒன்றில் பாதிக்கு மேல் முன்கூட்டியே சொன்னார். "வராது" என்று மட்டும் சொல்பவர் ஒன்றைக்கூடச் சொல்லமாட்டார். ஒற்றைச் சதவீதம் இந்த வித்தியாசத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. அதனால் உங்கள் மென்பொருளுக்கும் நான்கு எண்களைக் கேளுங்கள்: உண்டு என்று சொல்லி இருந்தது, உண்டு என்று சொல்லி இல்லாதது, இல்லை என்று சொல்லி இருந்தது, இல்லை என்று சொல்லி இல்லாதது.

மழைக்கு 70 சதவீதம் வாய்ப்புன்னாங்க. ஒரு சொட்டு பெய்யலை. துல்லியம் இல்லைதானே?

ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. 70 சதவீதம் என்று சொன்ன நாட்களை எல்லாம் திரட்டுங்கள். பத்துக்கு ஏழு நாள் போல மழை பெய்திருந்தால் கணிப்பாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். எல்லா 70-க்கும் மழை பெய்திருந்தாலும் அவர் கணிப்பு பிசகுதான்.

இதை மதிப்பெண்ணாக்க 1950-இல் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 0.7 என்று சொல்லி மழை வந்தால் 0.09, வராவிட்டால் 0.49. சராசரி குறையக் குறைய நல்லது.

நம்பகத்தன்மையும் துல்லியமும் ஒண்ணா?

நம்பகத்தன்மை நுட்பத்தின் பங்காளி: இன்றைக்கும் நாளைக்கும் அதே விடை தருவது. இத்தோடு ஏற்புடைமை என்றும் ஒன்றைச் சொல்வார்கள். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது அது. அறிவுத்திறனை அளப்பதாகச் சொல்லும் தேர்வு, வேகமாகப் படிக்கத் தெரிகிறதா என்பதை மட்டும் அளந்தால், மதிப்பெண் எவ்வளவு நிலையாக வந்தாலும் ஏற்புடைமை இல்லை.

செய்தியில எல்லாத் தகவலும் துல்லியம். ஆனா படிச்சா தப்பான எண்ணம்தான் வருது. இது எப்படி?

துல்லியம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியாக உரியது. உண்மை என்று நாம் எதிர்பார்ப்பது மொத்தச் சித்திரத்துக்கு. "விபத்துகள் 100 சதவீதம் அதிகரிப்பு" என்பது ஒன்று இரண்டானதற்கும் துல்லியமான வாக்கியமே. எதை விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒருவர் சொன்ன பொய்யை எழுத்துப் பிசகாமல் மேற்கோள் காட்டினால் மேற்கோள் துல்லியம், உள்ளடக்கம் பொய். "அவர் சொன்னதைத்தானே போட்டோம்" என்ற சமாதானம் இந்த இரண்டையும் குழப்புகிறது. வாசகராக முதல் பதிலில் உள்ள "எதோடு ஒப்பிட்டு?" என்பதை இங்கேயும் கேட்கலாம். போன வருடத்தோடா, போன மாதத்தோடா, மக்கள்தொகையோடா?

எவ்வளவு துல்லியம் இருந்தா போதும்? அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

வேலைதான் தீர்மானிக்கும். ஒரு கூட்டத்துக்குப் போக நிமிடம் போதும். வழிகாட்டும் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோநொடி பிசகினால் இருப்பிடத்தில் 300 மீட்டர் வரை போய்விடும், ஏனென்றால் ஒளி அதற்குள் அவ்வளவு தூரம் ஓடியிருக்கும். இரண்டு கடிகாரத்துக்கும் ஒரே துல்லியம் கேட்பது வீண் செலவு.

பட்டறை வேலைக்குப் பழகிய கணக்கு ஒன்று உண்டு. வரைபடத்தில் கொடுத்திருக்கும் டாலரன்ஸ், அதாவது அனுமதித்த விலகல், எவ்வளவோ அதில் நான்கில் ஒரு பங்குக்குள் அளக்கும் கருவி வேண்டும். தண்டின் விட்டம் 20.00 ± 0.10 மி.மீ. என்றால் 0.025 மி.மீ.க்குள் நிற்கும் கருவி தேவை. 0.1 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள வெர்னியர் ஆகாது, 0.01 மி.மீ. பிரிக்கும் திருகு அளவியை எடுங்கள். சுழிப்பிழை பார்த்துவிட்டு.

எல்லையில் வரும் பொருள்தான் தகராறு. திருகு அளவி 20.09 காட்டுகிறது, நிச்சயமின்மை ±0.02. உண்மையில் 20.11 ஆகக்கூட இருக்கலாம். தேற்றுவதா, தள்ளுவதா? கவனமான பட்டறைகள் எல்லையையே நிச்சயமின்மை அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். 19.92 முதல் 20.08 வரை வந்தால் மட்டும் தேர்ச்சி. சில நல்ல தண்டுகளும் இதில் கழிந்துபோகும். அந்த இழப்பைக் குறைக்க வேண்டுமானால் இன்னும் நல்ல கருவி வாங்க வேண்டும். எது மலிவு என்பதை அந்தப் பட்டறைதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.